சம்பளம் ஒரு தலைப்பு, படி ஆறு தலைப்பு

எம்.எல்.ஏ. சம்பளம் ஏறிவிட்டது என்று செய்தி வந்தால், கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து வேதாரண்யம் உப்பளம் வரைக்கும் ஒரே ஒரு எண்தான் பேச்சில் அடிபடும். 2017-இல் அது 'ஒரு லட்சத்து ஐயாயிரம்'. சம்பளக் கோப்புகளோடும் தொகுதி அலுவலகக் கணக்கோடும் பழகியவர்களுக்கு இந்த மொத்தத் தொகையில் அவ்வளவு அக்கறை இருக்காது. எந்தத் தலைப்பில் எவ்வளவு ஏறியது, எது அப்படியே கிடக்கிறது, எதற்கு ரசீது வேண்டாம், எது வரிக்குள் வரும் என்றுதான் கண் ஓடும்.

அந்த 2017 திருத்தத்தையே பிரித்துப் பார்க்கலாம். அதற்கு முன் மாதம் 55,000 ரூபாய். சம்பளம் 8,000, ஈட்டுப்படி 7,000, தொலைபேசிப் படி 5,000, தொகுதிப் படி 10,000, அஞ்சல் படி 2,500, தொகுப்புப் படி 2,500, வாகனப் படி 20,000. திருத்தத்துக்குப் பிறகு இதே வரிசையில் 30,000, 10,000, 7,500, 25,000, 2,500, 5,000, 25,000. கூட்டினால் 1,05,000. ஏறக்குறைய இரு மடங்கு என்று செய்தி வந்தது, கணக்கும் சரிதான். ஆனால் உள்ளே சம்பளம் மூன்றே முக்கால் மடங்கு ஏறியிருக்கிறது, தொகுதிப் படி இரண்டரை மடங்கு. வாகனப் படி கால் பங்குதான் கூடியது. அஞ்சல் படி ஒரு பைசாகூட அசையவில்லை.

பழைய பட்டியலில் 55,000-இல் சம்பளம் வெறும் 8,000, மீதி 47,000 படி. இது செலவைக் கணக்குப் போட்டு வந்த பிரிப்பாகத் தெரியவில்லை. சம்பளம் என்று வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டுப் படிகளின் பெயரில் ஏற்றிக்கொண்டே போனால் பட்டியல் இப்படித்தான் வந்து நிற்கும். 2017-இல் அந்தக் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போனது, நல்லதுதான். உறுப்பினரின் குடும்பம் சாப்பிடுவதற்கு ஒரு தொகை, தொகுதி வேலைக்கு ஒரு தொகை என்று இரண்டையும் பிரித்தால்தான் எது கூடுதல், எது போதாது என்று பேசவே முடியும். இரண்டும் கலந்து கிடக்கிற வரை, 'இவ்வளவு வாங்குகிறாரே' என்பவரும் சரி, 'கைக்காசு போகிறது' என்கிற உறுப்பினரும் சரி, இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

சட்ட வழி சிக்கலானதல்ல. அரசியலமைப்பின் 195-ஆவது பிரிவு, சட்டமன்ற உறுப்பினரின் சம்பளத்தையும் படிகளையும் அந்தச் சட்டமன்றமே சட்டம் போட்டு நிர்ணயிக்கலாம் என்கிறது. நாடாளுமன்றத்துக்கு 106-ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் 1951-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டம்தான் அடிப்படை. ஒவ்வொரு உயர்வும் அதற்கொரு திருத்தமாக வரும். சபாநாயகரின் சம்பளம் ஓட்டெடுப்புக்கு வராத செலவினம். உறுப்பினர்களின் சம்பளம் அப்படியல்ல, மானியக் கோரிக்கை (செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் பட்டியல்) எண் 1-இல், மாநிலச் சட்டமன்றம் என்ற தலைப்பில், வாக்கெடுப்போடு நிறைவேறியாக வேண்டும். மசோதாவோடு வைக்கும் நிதிக் குறிப்பில் ஆண்டுக்கு என்ன கூடுதல் செலவு என்று காட்ட வேண்டும். 234 பேர், தலைக்கு மாதம் 50,000, பன்னிரண்டு மாதம்: ஆண்டுக்கு 14.04 கோடி. மாநில வரவு செலவில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே இந்த விவகாரத்தில் ஜனங்களுக்கு வருகிற கோபம் தொகையைப் பற்றியது அல்ல, நேரத்தைப் பற்றியது.

நேரம் எப்படி இருந்தது என்றால், 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்திருந்தது. அந்த ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை; அக்டோபர் 2-இல்தான் திறந்தார்கள். குறுவை கையை விட்டுப் போயிருந்தது. தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் இரண்டாம் முறையாகப் போய் உட்கார்ந்த அதே வாரத்தில், ஜூலை 19-ஆம் தேதி, பேரவையில் உயர்வு அறிவிப்பு வந்தது. ஜூலை 1 முதலே செல்லும் என்றார்கள். திருத்த மசோதா வந்தது 2018 ஜனவரியில், அதுவும் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்த நாட்களில். எதிர்க்கட்சியான தி.மு.க. எதிர்த்தது. கோப்பு தயாரிக்கிறவர்கள் தொகையைச் சரிபார்க்க எடுத்துக்கொள்ளும் கவனத்தில் பாதியை நாட்காட்டிக்குக் கொடுத்திருக்கலாம். முன்தேதியிட்ட உயர்வு எப்போதுமே வாதாட முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அடுத்த பேரவைக்குத்தான் செல்லும் என்று எழுதிவிட்டால் இந்தச் சங்கடமே இல்லை. அமெரிக்காவில் அப்படித்தான்: காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளும் உயர்வு இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே நடைமுறைக்கு வரும். 1789-இல் முன்வைத்த அந்த 27-ஆவது திருத்தம் ஏற்பு பெற 1992 ஆனது என்பது வேறு கதை.

இடையில் ஒன்று. தொகுதி மேம்பாட்டு நிதியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே 2017 அறிவிப்பில் அந்த நிதி 2 கோடியிலிருந்து 2.5 கோடி ஆனது. அதில் ஒரு ரூபாய்கூட உறுப்பினர் கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். நிர்வாக அனுமதி கலெக்டருடையது. மதிப்பீடு, டெண்டர், பட்டியல் எல்லாம் துறை வழியாகப் போகும். படியைப் பற்றிய விவாதத்தில் இந்தக் கோடிகளை இழுத்தால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இனி வாகனப் படி. டெல்டாவில் இது ஒன்றை வைத்தே முழு விஷயத்தையும் விளங்கிக்கொள்ளலாம். 2017 நடுவில் டீசல் லிட்டர் அறுபது ரூபாய்க்குக் கீழே இருந்தது. 58 என்று வைத்தால் 25,000 ரூபாய்க்குச் சுமார் 430 லிட்டர். ஏழு பேர் உட்காருகிற வண்டி, நம் ஊர் ரோட்டில் லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 4,700 கிலோமீட்டர் ஓடலாம். ஐந்து ஆண்டுக்குள் டீசல் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. 93 என்று போட்டால் அதே பணத்துக்கு 270 லிட்டர்கூட வராது. ஓட்டம் 2,950 கிலோமீட்டர், அதாவது நாளைக்கு நூறுக்குள். டிரைவர் சம்பளம், டயர், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எதுவும் இதில் சேரவில்லை.

தஞ்சாவூர் உறுப்பினருக்குக் கலெக்டர் ஆபீஸ் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பேராவூரணிக்காரருக்கு அது அறுபது கிலோமீட்டருக்கு மேல். வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினம் போக ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம். ஒரு மனுநீதி நாளுக்குப் போய்த் திரும்பினாலே அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும், கோடியக்கரைப் பக்கம் ஒரு சாவுக்குப் போகவேண்டியிருந்தால் கைக்காசுதான். கல்லணையில் எல்லோருக்கும் ஒரே அளவு திறக்கிறோம் என்றால் கடைமடைக்கு எவ்வளவு வந்து சேரும் என்று டெல்டாக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொகுதியின் பரப்பு, மாவட்டத் தலைநகருக்கு உள்ள தூரம், சென்னைக்கு உள்ள தூரம் ஆகிய மூன்றையும் வைத்து நாலைந்து படிநிலைகள் போடுவது பெரிய வித்தை அல்ல. வருவாய்த் துறையிடம் எல்லா அளவுகளும் இருக்கின்றன. ரூபாயில் நிர்ணயிக்காமல் லிட்டரில் நிர்ணயித்து, மாதத்தின் முதல் தேதி விலைக்குப் பணமாக்கினால் அடிக்கடி திருத்தம் கொண்டுவர வேண்டிய வேலையும் மிச்சம்.

தொலைபேசிக்கு 7,500 என்பதும் அஞ்சலுக்கு 2,500 என்பதும் வேறொரு காலத்தின் மிச்சங்கள். சில நூறு ரூபாய்க்கு மாதம் முழுக்கப் பேசலாம் என்று வந்த பிறகு தொலைபேசிப் படி செலவுக்கான படியாக இல்லை. அஞ்சல் படியோ, ஐந்து ரூபாய் உறையில் ஐந்நூறு கடிதத்துக்குக் காணும். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கிக் கிடக்கிறது, பயிர்க் காப்பீட்டில் வருவாய்க் கிராமம் விட்டுப்போனது, வாய்க்கால் தூர்வாரியது காகிதத்தில்தான் என்று வருகிற மனுக்களில் பெரும்பகுதி இப்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறது. அதை இறக்கி, அச்செடுத்து, பதிவேட்டில் எண் போட்டு, முகப்புக் கடிதம் சேர்த்து, உரிய அதிகாரிக்கு அனுப்பி, பதினைந்து நாள் கழித்து என்ன ஆனது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத் தலைப்பு 2017 பட்டியலில் இல்லை. எம்.பி.க்களுக்கு இருக்கிறது: அலுவலகச் செலவுப் படியில் உதவியாளருக்குரிய பங்கை நாடாளுமன்றச் செயலகமே அந்த உதவியாளர் பெயருக்கு நேராகக் கொடுக்கும், அவருக்குக் கணினி தெரியும் என்று உறுப்பினர் சான்று தர வேண்டும். 2023 ஏப்ரல் முதல் அந்தப் படி மாதம் 75,000, அதில் 50,000 உதவியாளருக்கு. மாநில அளவில் இந்த ஒரு தலைப்பைத் தனியே பிரித்தாலே போதும், தொலைபேசியும் அஞ்சலும் அதற்குள் அடங்கிவிடும். உதவியாளர் இல்லாத இடத்தில் கட்சிக்காரர் ஒருவர் வந்து உட்காருவார், மனுவில் யாருடைய கட்சி என்று பார்ப்பார். கெடுவது அங்கேதான்.

எந்தத் தலைப்பிலும் வராத செலவு ஒன்று இருக்கிறது; டெல்டாவில் அதுதான் பெரிது. கல்யாணத்துக்கு மொய், சாவுக்கு மாலை, காதுகுத்து, கோயில் திருவிழா உபயம், தஞ்சாவூர் மெடிக்கலில் சேர்த்தவருக்குக் கைச்செலவு. முகூர்த்தம் மிகுந்த வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே நாளில் பத்து மண்டபம் ஏற வேண்டியிருக்கும். ஐந்நூறு வைத்தால் பேசுவார்கள். ஆயிரம் வைத்தால், ஒரு நாள் மொய்யிலேயே அந்த மாதத் தொகுதிப் படியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். இதை அரசுப் பணத்தில் ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. அரசு செலவில் மொய் வைப்பது வாக்காளருக்குப் பணம் கொடுப்பதற்கு அடுத்த வீடு. ஆனால் தொகுதிப் படி என்ன செலவுக்கு என்று விதியில் வரையறுக்காமல் விட்டால் அது மொய்க்குத்தான் போகும். அலுவலக மின்கட்டணம், குறைதீர் நாள் பந்தல், நாற்காலி வாடகை, தண்ணீர் கேன், அச்சு என்று ஏற்கத் தக்கவற்றை எழுதி, அன்பளிப்பும் நன்கொடையும் சேராது என்று ஒரு வரி போட்டால் உறுப்பினருக்கே அது கேடயம். 'ரூல்ஸ் விடமாட்டேங்குது அண்ணே' என்று சொல்லித் தப்பிக்கலாம்.

வரி விஷயத்தில் புதிய உறுப்பினர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் முதலாளி என்று யாரும் இல்லை. ஆகவே இந்தச் சம்பளம் வருமான வரிக் கணக்கில் 'சம்பளம்' என்ற தலைப்பில் வராது. 'இதர வருமானம்' என்பதில் வரும். சம்பளக்காரருக்குரிய நிலையான கழிவு கிடையாது. மாதாமாதம் பிடித்தம் செய்து கட்ட அலுவலகமும் இல்லை. தானே முன்வரி கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். டெல்டாவில் இந்தத் தேதிகள் வந்து விழுகிற இடத்தைப் பாருங்கள்: மேட்டூர் திறப்பு முடிந்த மூன்றாம் நாள், குறுவை அறுப்பு, மழை வெள்ளம். மறந்துபோகும். மறந்தால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. நிலம் உள்ளவர்கள் விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று எழுதாமலே விடுவதும் உண்டு; வரி இல்லைதான், ஆனால் மற்ற வருமானத்துக்கு எந்த விகிதம் என்று பார்க்க அதையும் சேர்த்தே கணக்கிடுவார்கள்.

1961 வருமான வரிச் சட்டத்தின் 10(17) பிரிவு தினப்படிக்கும் தொகுதிப் படிக்கும் விலக்கு தந்தது. ஈட்டுப்படி, வாகனப் படி, தொலைபேசிப் படி எல்லாம் 'தொகுதிப் படி' என்ற பெயர் இல்லாததால் அந்தப் பாதுகாப்புக்குள் தானாக நுழையாது. 30 சதவீத விகிதத்தில் இருக்கும் உறுப்பினருக்குச் சம்பளத்தை 15,000 ஏற்றினால், 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 4,680 போய், கையில் 10,320 நிற்கும். தொகுதிப் படியை 15,000 ஏற்றினால், பழைய வரிமுறையில் இருப்பவருக்கு 15,000-மும் நிற்கும். எந்தத் தலைப்பு வேகமாக ஏறுகிறது என்பதை இந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்க்க வேண்டும்.

உயர்வு வேண்டாம் என்று அறிவிக்கிறவர்களுக்கும் ஒரு சிக்கல். சட்டப்படி உரிமையான தொகையை வாங்கிவிட்டுத் தானமாகக் கொடுத்தால், அது வருமானமாகிவிட்ட பிறகு செய்த செலவு, வரி உண்டு. கீழ்வேளூர், திருத்துறைப்பூண்டி பக்கம் இடதுசாரிக் கட்சி உறுப்பினர்கள் சம்பளத்தைக் கட்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கட்சி கொடுக்கும் ஊதியத்தில் இருப்பது தெரிந்த வழக்கம். அவர்களுக்கும் இதே கணக்குதான். கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடைக்குப் பழைய வரிமுறையில் 80ஜிஜிசி பிரிவில் கழிவு கிடைத்தது. வங்கி வழியாகக் கொடுத்திருக்க வேண்டும், ரொக்கம் செல்லாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்கு அந்தக் கழிவும் இல்லை.

தாங்களே தங்களுக்கு ஏற்றிக்கொள்கிறார்கள் என்ற பழி போக நாடாளுமன்றம் 2018-இல் ஒரு வழி கண்டது. சம்பளம் ஒரு லட்சம்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருமான வரிச் சட்டத்தின் விலை உயர்வுக் குறியீட்டின்படி தானாகத் திருத்தம். 2018-19-க்குக் குறியீடு 280, 2023-24-க்கு 348. வகுத்தால் 1.2429. அதன்படி 1,24,000 ஆனது. தொகுதிப் படியும் அதே விகிதத்தில் 70,000-லிருந்து 87,000. ஆனால் அறிவிக்கை வந்ததென்னவோ 2025 மார்ச்சில், 2023 ஏப்ரல் 1 முதல் செல்லும்படியாக. இரண்டு ஆண்டு நிலுவை, சம்பளத்தில் மட்டும் தலைக்கு 5,76,000. சூத்திரம் தானாக ஓடினாலும் அறிவிக்கையை ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும், அவர் எப்போது எழுதுவார் என்று சட்டத்தில் இல்லை. அதனால் பழைய பழி திரும்பவும் வந்தது.

இந்தக் குறியீடு நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் முக்கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே தாராளமான சூத்திரம் என்று சொல்ல முடியாது. அதே ஐந்தாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நூறு நாள் வேலைக் கூலி 224-லிருந்து 294 ஆனது, 31 சதவீதம். சதவீதத்தில் கூலிக்காரப் பெண்தான் முன்னால் இருக்கிறார். ரூபாயில் அவருக்கு நாளைக்கு 70, உறுப்பினருக்கு மாதத்துக்கு 24,000. இன்னொரு வித்தியாசமும் உண்டு: வெட்டிய மண்ணை அளந்துதான் அந்தக் கூலி. அளவு குறைந்தால் அந்த 294 முழுசாக வந்ததில்லை.

பிரிட்டனில் எம்.பி.க்களின் 2009 செலவுக் கணக்கு ஊழலுக்குப் பிறகு தனி ஆணையம் அமைத்துச் சம்பளத்தையும் செலவையும் அதனிடம் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு, தொண்ணூறு நாளுக்குள் கோரிக்கை, எல்லாம் பெயரோடு வெளியீடு. குளத்து வாத்துக்கு வீடு கட்ட 1,645 பவுண்டு கேட்ட உறுப்பினரும் அந்த ஊழலில்தான் பேர்போனார். அந்தத் தொகையைக் கொடுக்கவில்லை என்பது பலருக்கு ஞாபகம் இல்லை. 2015-இல் அந்த ஆணையம் சம்பளத்தை 74,000 பவுண்டாக உயர்த்தியபோது வேண்டாம் என்றவர்களுக்கும் அது வந்து சேர்ந்தது.

அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் முதல் மாதமே முட்டும். டீக்கடையில் ரசீது இல்லை. வெள்ளத்தில் ஜெனரேட்டர் வாடகைக்குத் துண்டுச்சீட்டுதான் கிடைக்கும். செலவும் மாதாமாதம் சமமாக வராது: 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மாதத்தில் ஆனது மற்ற ஆறு மாதத்துக்குச் சமம். ஆகவே மாத வரம்புக்குப் பதில் ஆண்டு வரம்பு வைக்கலாம். ஐந்நூறு ரூபாய்க்குக் கீழே உறுப்பினரின் சுயசான்று, மேலே போனால் சீட்டு. பேரிடர் அறிவித்த மாவட்டத்துக்கு வாகனத் தலைப்பில் மட்டும் கூடுதல். வாகனத்துக்கு ஓட்டப் பதிவேடு: தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீட்டர் தொடக்கம், முடிவு, நோக்கம். பேரவைக் குழுவோடு அரசு வண்டியில் போன நாளுக்குக் குறுக்குக் கோடு போட வேண்டும். இரட்டைக் கோரிக்கை அதிகம் விழுவது அந்த நாட்களில்தான், பெரும்பாலும் எண்ணம் கெட்டு அல்ல, பதிவேட்டை மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுவதால்.

உள்ளாட்சியில் தொகை சின்னது, தகராறு பெரிது. 2023 ஜூலை முதல் தஞ்சாவூர், கும்பகோணம் மாநகராட்சி கவுன்சிலருக்கு மாதம் 10,000 மதிப்பூதியம். நகராட்சி உறுப்பினருக்கு 5,000. மெலட்டூர், நன்னிலம் போன்ற பேரூராட்சிகளில் 2,500. கூட்டத்துக்கு இவ்வளவு என்கிற அமர்வுப் படியில் பணம் வருகைப் பதிவேட்டில் தொங்குகிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்தாம் நிமிஷம் வெளிநடப்புச் செய்தவருக்கு உண்டா, கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இல்லாமல் கலைந்த கூட்டத்துக்கு வந்து காத்திருந்தவருக்கு உண்டா என்று ஒவ்வொரு முறையும் சண்டை. வெளிநடப்பு அரசியல் உரிமை, அதற்காகப் படியைப் பிடிப்பது தண்டனையாகிவிடும். வந்து காத்திருந்தவர் தவறும் இல்லை. இரண்டுக்கும் கொடுப்பதே சரி என்பது என் எண்ணம். கூட்டம் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதி, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து மூடிவிட்டால், மறுநாள் வந்து கையெழுத்துக் கேட்பவருக்கு மட்டும் இடம் இருக்காது.